மேற்கிலிருந்தே வெயில், மேற்கிலிருந்தே காற்று

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகும் சாலையில் கோமங்கலத்தைத் தாண்டினால் தென்னந்தோப்புகளுக்கு மேலே காற்றாலைகள் தலைகாட்டத் தொடங்கும். பூளவாடி, குடிமங்கலம் பக்கம் போகப் போக எண்ணிக்கை கூடும். மேற்குத் தொடர்ச்சி மலை இந்த ஊர்களுக்கு நேரே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை அரபிக்கடல் காற்று அந்த வாசல் வழியாக இறங்குகிறது. ஐப்பசிக்குப் பிறகு திசை மாறிக் கிழக்கிலிருந்து அடிக்கும்.

இங்கே வீடு கட்டுகிறவருக்கு ஒரு சிக்கல் தயாராகக் காத்திருக்கிறது. வீட்டைக் குளிர்விக்கும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. வீட்டைச் சுட்டெடுக்கும் மாலை வெயிலும் மேற்கிலிருந்தே வருகிறது. ஒன்றுக்குக் கதவைத் திறந்தால் மற்றதும் கூடவே நுழையும். இந்தச் சிக்கலை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகே அறைகளை வரைந்தார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் ஒரு தோட்டத்து வீட்டைப் பார்க்கப் போனேன்.

சித்திரை மாதத்தில், மதியம் இரண்டரை மணிக்கு வரலாமா என்று நானே கேட்டிருந்தேன். மார்கழிக் காலையில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டின் குணம் தெரிய வேண்டுமானால் சித்திரை மதியத்தில் போக வேண்டும், இரவு சாப்பாடு முடியும் வரை அங்கேயே இருக்க வேண்டும்.

வாசலில் வீட்டுக்கார அம்மாவும், வீட்டை வடிவமைத்த கோயம்புத்தூர்ப் பெண்ணும் நின்றிருந்தார்கள். அந்த அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை, கணவர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு பிள்ளைகள். மாமியாருக்கு எழுபது கடந்துவிட்டது. "வா கண்ணு, முதல்ல தண்ணி குடி. அப்புறமா செவுத்தப் பாத்துக்கலாம்" என்று திண்ணையிலிருந்தே அழைத்தார் அந்த ஆத்தா.

புது வீட்டுக்கு இருபதடி தள்ளிப் பழைய சாளை இன்னும் பாதி நிற்கிறது. மண் சுவர், ஓட்டுக் கூரை. பாதி ஓடுகளைக் காணோம். அவை எங்கே போயின என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தச் சாளையில் பகலில் தணல் இறங்கும், ஆனால் பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும் என்றார் ஆத்தா. ஓடு மெல்லியது. சுடவும் சீக்கிரம் சுடும், ஆறவும் சீக்கிரம் ஆறும். ஓட்டுச் சந்துகளின் வழியே சூடான காற்று மேலேறி வெளியே போய்விடும். பக்கத்துத் தோட்டத்தில் அண்மையில் எழும்பிய வீட்டைக் கை காட்டினார். சதுரமான பெட்டி, தட்டையான காங்கிரீட் தளம், மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல். "அங்க ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டா அனல் காத்துதான் வருது. ஏசி இல்லாம அவங்க தூங்கறதில்லீங்க" என்றார் ஆசிரியை.

அதன் காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1000 சதுர அடிக்கு 5 அங்குலக் காங்கிரீட் தளம் போட்டால் அதன் எடை 28 டன்னுக்குக் குறையாது. அத்தனை கனத்தையும் காலை ஒன்பது மணி முதல் வெயில் சூடேற்றுகிறது. உடுமலை இருப்பது 10.6 டிகிரி அட்சரேகையில். சித்திரை முதல் வாரத்தில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்பதால் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. ஆவணியிலும் அப்படி ஒரு நாள் உண்டு. வருடத்தின் பெரும்பகுதி நம் வீட்டில் வெயிலை அதிகம் வாங்குவது சுவரைவிடக் கூரைதான். வாங்கிய சூட்டைத் தளம் மாலையில் இருந்து உள்பக்கம் விடத் தொடங்குகிறது. நாம் படுக்கும்போது கூரை முழுவதும் கீழ்நோக்கி அனல் வீசிக்கொண்டிருக்கும். மின்விசிறியால் அந்தச் சூட்டை எடுக்க முடியாது, கூரையை ஒட்டி நிற்கும் சூடான காற்றைக் கீழே தள்ளத்தான் முடியும். கிராமத்தில் சுற்றிலும் தோப்பும் வாய்க்காலும் இருந்தும் ஏசி வாங்க வேண்டி வருவது இந்தக் கூரையால்தான். பத்து வருடமாக நம் ஊர்களில் எழும்புகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நகரத்தில் இடமில்லாமல் கட்டிய பெட்டியை, இடம் தாராளமாகக் கிடக்கும் தோட்டத்திலும் ஏன் கட்ட வேண்டும்?

அதனால் முதலில் மாடிக்குத்தான் ஏறினோம். கண் கூசும் வெள்ளை. மேலே வெள்ளை ஓடு பதித்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் சாதாரண மொட்டை மாடியில் காலை வைக்க முடியாது. இங்கே நிற்க முடிந்தது, சுகமாக இல்லை என்றாலும்.

வெள்ளை ஓட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். கூடத்துக்கு மேல், தளத்தின்மீது சிறிய மண்பானைகளை வரிசையாகக் கவிழ்த்து, இடைவெளியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நிரப்பியிருக்கிறார்கள். பானைக்குள் அடைபட்ட காற்றுதான் அங்கே சூட்டைத் தடுக்கிறது. பழைய கட்டடங்களில் கொத்தனார்கள் செய்துவந்த வேலை இது. படுக்கையறைகளுக்கு மேல் பானை இல்லை, இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை. தெர்மாகோல் இனம், ஆனால் இறுக்கமானது, தண்ணீர் குடிக்காதது. எனக்கு முதலில் அது உறுத்தியது. மண்ணும் சுண்ணாம்பும் இருக்கிற வீட்டில் பிளாஸ்டிக் நுரை எதற்கு?

வடிவமைத்த பெண் நிதானமாகப் பதில் சொன்னார். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு கூரைக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் போகக்கூடாது. வெறும் காங்கிரீட் தளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விடும். "பானை நல்லாக் குறைக்கும் சார், ஆனா அந்த அளவைத் தொடாது. கூடத்துல பகல்லதான் இருப்பாங்க, காத்து ஓடும், அங்க பானை போதும். தூங்கற அறைக்கு மேல சமரசம் பண்ண நான் தயாரா இல்ல" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எந்தப் பொருள் நம்முடையது என்பதைவிட, அது எந்த அறைக்கு மேல், எந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்று பார்த்திருக்கிறார்.

கீழே இறங்கிக் கூடத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தால், பழைய சாளையில் காணாமல்போன ஓடுகள் அங்கே இருந்தன. தளம் போடும்போது கம்பிகளுக்கு இடையில் இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேலே காங்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள். ஃபில்லர் ஸ்லாப் என்று மேஸ்திரிகள் சொல்வது. தளம் பாரம் தாங்கி வளையும்போது மேல்பாதி அமுங்கும், கீழ்ப்பாதி இழுபடும். இழுபடுகிற பக்கம் பாரத்தைத் தாங்குவது கம்பிதான். அங்கே காங்கிரீட்டின் வேலை கம்பியை மூடிப் பிடித்துக்கொள்வது மட்டுமே. ஆகவே கம்பிகளுக்கு நடுவே இருக்கும் காங்கிரீட்டை எடுத்துவிட்டு ஓட்டை வைத்தால் பலம் குறையாது, சிமென்ட் மிச்சம், கூரையின் கனமும் குறையும், இரண்டு ஓட்டுக்கு நடுவே காற்றும் தங்கும். திருவனந்தபுரத்தில் குடியேறி 2007-ல் மறையும்வரை அங்கேயே வீடுகள் கட்டிக்கொண்டிருந்த லாரி பேக்கர் இந்த முறையை நம் பக்கத்தில் பரப்பினார். "இந்த ஓட்டெல்லாம் எங்க மாமனார் காலத்துல பூட்டுனது. நான் கல்யாணமாகி வந்தப்ப தலைக்கு மேல இருந்ததே இப்பவும் இருக்குது" என்றார் ஆத்தா. அவருக்கு அந்தக் கூரை பிடித்திருந்தது.

சுவரும் பேக்கர் வழிதான். எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உள்ளே ஒரு காற்றுப் பொந்து வரும்படி ஒன்பது அங்குலச் சுவரை எழுப்புவது. செங்கல் ஏறக்குறைய கால்பங்கு குறையும், வெளியே பூச்சு வேண்டாம். அன்று வேறு வேலையாக வந்திருந்த மேஸ்திரி சுவரைத் தட்டிக் காட்டினார். "செங்கல் மிச்சமுங்க, ஆனா வேலை நிதானமாத்தான் ஓடும். மட்டம் துளி பிசகுனாலும் பூச்சுல மறைக்க முடியாது. ஆரம்பத்துல பசங்க ரெண்டு பேரு வேலையே வேண்டாம்னு போயிட்டாங்க." செங்கலில் மிச்சமானதில் ஒரு பங்கு கூலியில் போய்விட்டது என்று வீட்டுக்காரரும் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அது நட்டக் கணக்காகத் தோன்றவில்லை. சூளைக்குப் போயிருக்க வேண்டிய காசு கையில் தொழில் உள்ள மனிதருக்குப் போயிருக்கிறது.

இனி மேற்குப் பக்கத்துக்கு வருகிறேன். இந்த வீட்டின் மூளை அங்கேதான் இருக்கிறது.

ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு போடுவது நம்மிடம் கேள்வியே இல்லாத பழக்கம், நான்கு பக்கமும் ஒரே அளவு. சூரியன் நான்கு பக்கமும் ஒரே மாதிரி வருவதில்லை. நான்கடி உயர ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆனி மாதத்தில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், ஆனால் வெகு உயரத்தில். வடக்கு ஜன்னலை மறைக்க அப்போது ஓரடி நிழல் போதும். மார்கழியில் தெற்கே 56 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டடி சன்ஷேடு ஜன்னலில் மூன்றடியை மறைத்துவிடும். மேற்கில் கதை வேறு. சித்திரையில் மாலை நாலரை மணிக்குச் சூரியன் முப்பது டிகிரி உயரத்தில் முகத்துக்கு நேரே நிற்கிறது. இரண்டடி சன்ஷேடு ஜன்னலின் மேலே ஓரடியை மறைக்கும், மீதி மூன்றடி வழியாக வெயில் தரையில் நீளும். முழுவதையும் மறைக்க ஏழடி வேண்டும்.

ஆகவே மேற்கே ஏழடிக்கு மேலேயே வைத்துவிட்டார்கள். ஒன்பதடி அகலத் தாழ்வாரம், வீட்டின் மேற்கு ஓரத்தில். அதன் வெளிவிளிம்பில் செங்கல் ஜாளி. ஜாளியின் ஓட்டைகள் ஆழமானவை, அதனால் சாய்வாக வரும் வெயில் செங்கலின் உள்விளிம்பில் பட்டு நின்றுவிடுகிறது, காற்று மட்டும் வளைந்து நுழைகிறது. கொசுவலையை ஜன்னல்களில் அடிக்காமல் இந்த ஜாளியின் உள்பக்கம் முழுவதும் அடித்திருக்கிறார்கள். வலை காற்றைக் கணிசமாகத் தடுத்துவிடும். சின்ன ஜன்னலில் அடித்தால் உள்ளே வருவதே அற்பம். பெரிய பரப்பில் அடித்தால் அந்த இழப்பு அவ்வளவு தெரியாது. இவ்வளவு எளிய யோசனையை நம் வீடுகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

தாழ்வாரத்தைத் தாண்டி நடுவில் ஒரு சிறு தொட்டிக்கட்டு, மேலே திறந்தது. காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் பெரிதாக இருந்தால் உள்ளே அதன் வேகம் கூடும். தொட்டிக்கட்டும் கிழக்கு ஜன்னல்களும் சேர்ந்து அந்தப் பெரிய வாயைத் தருகின்றன. சித்திரையில் காற்று மெலிவுதான், ஆனாலும் தாழ்வாரத்திலிருந்து கூடத்துக்குப் போகும் வாசலில் நின்றபோது சட்டை அசைந்தது. ஆடியில் இதே வாசல் கதவை அடைக்காமல் இருக்க முடியாதாம். அதற்கென்று ஜாளிக்குப் பின்னால் மடக்குப் பலகைகள் இருக்கின்றன, எந்தக் கதவும் அடித்துக்கொள்ளாமலிருக்க இரும்புக் கொக்கிகளும் இருக்கின்றன.

அறைகள் எங்கே என்பதில்தான் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. வாஸ்துப்படி வீட்டுக்காரரின் படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், வர வேண்டும். இந்த ஊரில் வீட்டின் மிகச் சூடான மூலை அதுதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் நாலு மணிக்குப் பட்ட வெயில் உள்பக்கம் வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். சரியாகத் தூங்கப்போகிற நேரத்துக்குச் சூடு வந்து நிற்கும். வடிவமைத்தவர் படுக்கையறைகளைக் கிழக்கே கொண்டுபோக விரும்பினார். காலையில் வெயில் வாங்கிய கிழக்குச் சுவர் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். ஆத்தா சம்மதிக்கவில்லை.

கடைசியில் தீர்வு சாஸ்திரத்துக்குள்ளேயே கிடைத்தது. கன்னி மூலை கனமாக இருக்க வேண்டும் என்றும் அதே வாஸ்து சொல்கிறதல்லவா? நெல்லும் பயறும் மூட்டை போடும் அறையை, பீரோவுடன், அங்கே வைத்துவிட்டார்கள். மூட்டைகளும் சுவரும் வெயிலைத் தாங்கிக்கொள்ள, குடும்பம் கிழக்கே தூங்குகிறது. மேற்கு ஓரத்தின் மீதி இடத்தில் மாடிப்படியும் குளியலறையும். "கனம் இருந்தாச் செரி. மனுசன்தான் கனமா இருக்கோணும்னு எங்க எழுதியிருக்குது?" என்று ஆத்தாவே என்னிடம் கேட்டார். கிழவியையும் பொறியாளரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது நம் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன ஒன்று. இந்த வீட்டில் இருவரும் ஒரே வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சமையலறை அக்னி மூலையான தென்கிழக்கில். மேற்குக் காற்றுக் காலத்தில் அடுப்புச் சூடு தானாகவே வெளியேறும். கார்த்திகை, மார்கழியில் கிழக்குக் காற்று அதை உள்ளே தள்ளாமலிருக்கக் கூரையை ஒட்டி வெளியேற்றும் துளைகள். அடுப்பில் எரிவது பெரும்பாலும் சாண எரிவாயு. ஐந்து உருப்படி மாடு, நாளுக்கு ஐம்பது கிலோவை ஒட்டிச் சாணம், இரண்டு கன மீட்டர் கலன். கட்டுத்தரையை ஒட்டியே புதைத்திருக்கிறார்கள். கழிவு தென்னைக்குப் போகிறது. இதில் புதுமை ஏதும் இல்லை, கொங்குநாட்டுத் தோட்டங்களில் பழைய சாணக் கலன்கள் பல இன்று மூடிக் கிடக்கின்றன.

இயந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீடு பெரும்பகுதியைச் செய்துவிட்டதால் அவற்றுக்குச் சின்ன வேலைதான் மிச்சம். எல்லா மின்விசிறியும் பிஎல்டிசி வகை. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், இது 30 வாட். ஐந்து விசிறி தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 135 யூனிட் மிச்சம். இரு மாதக் கணக்கில் 2016-ல் வந்த 100 யூனிட் இலவசத்தைவிட அதிகம். சூரிய மின்தகடு வைக்க வந்தவர் மூன்று கிலோவாட் போடச் சொல்லியிருக்கிறார். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆசிரியை தன் வீட்டின் தேவையைக் கூட்டிப் பார்த்து இரண்டு கிலோவாட்டே போதும் என்று நிறுத்திவிட்டார். அது நாளுக்கு எட்டு யூனிட்டை ஒட்டித் தரும். தகடுகள் தெற்கே பத்து டிகிரி சாய்வில், மாடிக்கு மூன்றடி உயரத்தில் மட்டும் இருக்கின்றன. அடியில் நடமாடும்படி ஆளுயரச் சட்டம் போடுவது வேறு ஊர்களுக்குச் சரி. ஆடிக்காற்று வரும் இடத்தில் அது ஆபத்து.

நான்கரை மணிக்கு மேல்தளத்தில் இருக்கும் பையனின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். வீட்டில் தோற்றுப்போன இடம் அது. தென்மேற்கே ஆனைமலைத் தொடர் நீலமாகத் தெரிகிறது, அதைப் படுக்கையிலிருந்து பார்க்க வேண்டும் என்று பையன் பிடிவாதம் பிடித்து, மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி வாங்கிக்கொண்டான். கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது சூடு. கனமான திரைச்சீலை போட்டிருந்தார்கள். திரை வெளிச்சத்தை மறைக்கும். வெயில் அதற்கு முன்பே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, திரையே சூடேறி அறைக்குள் அனலை விடுகிறது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினால்தான் உண்டு. வீட்டின் ஒரே ஏசி இந்த அறையில்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே பதினைந்தடி தூரத்தில் நெட்டைத் தென்னை நிற்கிறது, ஆனால் அதன் தலை அறுபதடி உயரத்தில். முப்பது டிகிரி வெயிலில் அதன் நிழல் வீட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுகிறது. சுவருக்கு நிழல் தர வேண்டுமானால் தாழக் கிளைவிடும் மரம் வேண்டும். புங்கன் கன்று இரண்டு நட்டு இடுப்பளவு வளர்ந்திருக்கின்றன. அவை மேல்தளத்தை எட்டும்வரை வெளியே மூங்கில் தட்டி கட்டப்போகிறார்கள். பையன் மலை தெரியாது என்று முகம் சுருக்கினான். பொழுது சாய்ந்ததும் தட்டியைச் சுருட்டிவிடலாம் என்று அவன் அம்மா பேசிக்கொண்டிருந்தார்.

இருட்டிய பிறகு கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். விசிறி இரண்டாம் எண்ணில் ஓடியது. ஸ்டூல் போட்டு ஏறி ஓட்டுக் கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பு, அவ்வளவே. வாசலில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் தம்பி வந்து நின்றார். அண்ணன் வீட்டுக்கு அடுத்த மனையில் அவரும் கட்டப்போகிறார், அன்று காலையில்தான் நூல் பிடித்து முளை அடித்திருக்கிறார்கள், இன்னும் வானம் தோண்டவில்லை. "ஏனுங்க, இந்தப் பானையை மட்டும் எங்க தளத்து மேல போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டார். படுக்கையறைகள் எந்தப் பக்கம் என்று வடிவமைத்த பெண் திருப்பிக் கேட்டார். மேற்கே என்றார் அவர். அந்தப் பெண் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கைவிளக்கையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு அவருடன் வேலியைத் தாண்டிப் போனார். நாங்களும் பின்னாலேயே நடந்தோம்.